தாத்தாவின் கில்ட்: யார் அணியலாம், எப்படிக் காப்பது, எதுவரை திருத்துவது?

கிளாஸ்கோவில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் ஸ்காட்லாந்துக்காரர். குடும்பப் பெயர் ஃபிரேசர். மாமியார் வீட்டுப் பரணில் இருந்த பழைய பெட்டியில் கணவரின் தாத்தாவுடைய கில்ட் ஒன்று, அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கொசுவம் வைத்த கம்பளி உடை, கிடைத்திருக்கிறது. கரும்பச்சையும் கருநீலமும் கறுப்பும் கலந்த கட்டங்களில், பச்சையின் நடுவே வெள்ளைக் கோடும் நீலத்தின் நடுவே சிவப்புக் கோடும் ஓடுகின்றன. பின்புறக் கொசுவங்களில் கட்டம் தெரியவில்லை. ஒரே கோடுதான் ஒவ்வொரு மடிப்பிலும் திரும்பத் திரும்ப வருகிறது. உள்துணியில் மங்கலான அம்புக்குறி முத்திரையும் சில எண்களும் உள்ளன. "இது மக்கென்சி குலத்தின் டார்ட்டன், அதாவது அவர்களுக்குரிய கட்ட வடிவம்; ஃபிரேசர் வீட்டுப் பிள்ளை இதை அணியக் கூடாது" என்று உறவினர் ஒருவர் தடுக்கிறார். பதினேழு வயது மகனோ தன் அத்தையின் திருமணத்துக்கு அதையே அணிய ஆசைப்படுகிறான். இடுப்புச் சற்றுப் பெரிதாகவும் நீளம் சிறிது கூடுதலாகவும் இருக்கின்றன. ஓரத்தில் பூச்சி அரித்த துளைகளும் உண்டு. என்ன செய்யலாம் என்பது அவர் கேள்வி.

உங்கள் மகன் அதைத் தாராளமாக அணியலாம். ஒரு குலத்தின் டார்ட்டனை அந்தக் குலப் பெயர் உடையவர்தான் அணிய வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் எந்தச் சட்டமும் இல்லை. அரச குடும்பத்துக்கு உரியதாகக் கருதப்படும் பால்மோரல் டார்ட்டன் போன்ற மிகச் சிலவற்றை மட்டுமே பிறர் மரியாதை கருதித் தவிர்க்கிறார்கள். உறவினர் சொன்னதில் பாதி சரிதான்: நீங்கள் விவரித்திருக்கும் கோட்டு வரிசை மக்கென்சி டார்ட்டனுக்கு உரியது. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு பொருந்தாது. இந்தக் கில்ட் ஒரு குலத்தின் அடையாளமாக உங்கள் வீட்டுக்குள் வந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒரு படைவீரரின் சீருடையாக வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்னும் ஒழுங்கு, பலர் நம்புவதுபோல ஆதிகாலத்து வழக்கம் அன்று. 1746 ஏப்ரல் 16 அன்று ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டுக் கிளர்ச்சியாளர்களை அரசுப் படை தோற்கடித்த கலோடன் போரைச் சில ஆண்டுகளுக்குள் தீட்டிக் காட்டிய டேவிட் மோரியரின் ஓவியத்தில், மலைநாட்டு வீரர் ஒவ்வொருவரும் உடம்பிலேயே பல வேறு கட்டங்களைக் கலந்து உடுத்தியிருக்கிறார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு மலைநாட்டு உடைக்குத் தடை வந்தது. இரண்டாம் முறை பிடிபட்டவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் என்னும் அளவுக்குக் கடுமையான தடை அது. 1782இல் நீங்கும்வரை கில்ட்டைத் தடையின்றி அணிய முடிந்தவர்களில் முதன்மையானோர் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த மலைநாட்டு வீரர்கள். 1815இல் லண்டன் மலைநாட்டுச் சங்கம் குலத்தலைவர்களிடம் அவரவர் டார்ட்டன் மாதிரியை முத்திரையிட்டு அனுப்பும்படி கேட்டது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது டார்ட்டன் மோகம் நாடெங்கும் பரவியது. பானக்பர்னில் இருந்த வில்சன் நெசவாலை, அதுவரை எண்ணாலும் ஊர்ப்பெயராலும் குறித்த பல வடிவங்களைக் குலப் பெயர்களில் விற்கத் தொடங்கியது. ஆகவே இது ஏறத்தாழ இருநூறு ஆண்டு வழக்கம். இருநூறு ஆண்டுகள் மக்கள் மனமார ஏற்று நடந்த எதையும் நான் மதிக்கிறேன். ஆனால் தாத்தாவின் உடையைப் பேரப்பிள்ளையிடமிருந்து பறிக்கும் அதிகாரம் அதற்கு இருப்பதாக நான் கருதவில்லை.

இனி உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். அடிப்படையில் இது பிளாக் வாட்ச் எனப்படும் அரசுப் படை டார்ட்டன்தான். ஒவ்வொரு ரெஜிமெண்டும் தன்னை வேறுபடுத்திக் காட்ட அதன்மேல் கோடுகளைச் சேர்த்துக்கொண்டது. மஞ்சள் கோடு சேர்த்தது கார்டன் ஹைலேண்டர்ஸ். வெள்ளையும் சிவப்பும் மக்கென்சி குடும்பத்தார் திரட்டிய படைகளுக்கு உரியவை. படையின் வடிவமே பின்னர் குலத்தின் வடிவமாயிற்று. மக்கென்சி குடும்பத்தைச் சேர்ந்த மக்லவுட் பிரபு 1777இல் திரட்டிய படை 1780இல் சென்னையில் வந்திறங்கியது. அதன் தேர்ந்த இரு கம்பெனிகள், காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்த கர்னல் பெய்லியின் படையில் இருந்தன. அந்தப் படையின் வழித்தோன்றல்தான் நீங்கள் வாழும் கிளாஸ்கோ நகரத்தின் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி. தமிழ் வீட்டில் பிறந்து ஃபிரேசர் வீட்டில் வாழும் நீங்கள் இதை மகனுக்குச் சொல்ல வேண்டும்.

மக்கென்சி டார்ட்டன் அணிந்த மற்றொரு ரெஜிமெண்ட், 1881இல் இரண்டு பழைய படைகள் இணைந்து உருவான சீஃபோர்த் ஹைலேண்டர்ஸ். ராஸ் வட்டாரமும் லூயிஸ் தீவும் அதன் ஆள்சேர்ப்புப் பகுதிகள்; எந்தக் குலப் பெயர் உடையவர் சேர்ந்தாலும் அவருக்குக் கிடைத்தது மக்கென்சி கில்ட்தான். கிளாஸ்கோ ரெஜிமெண்டில் பெரும்பாலான வீரர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே கில்ட் அணிந்தார்கள்; அதற்கு முன் டார்ட்டன் கால்சட்டையே அவர்கள் சீருடை. எனவே தாத்தா போருக்கு முன்போ போரின் தொடக்கத்திலோ பணியாற்றியிருந்தால் சீஃபோர்த்தை முதலில் நினைக்க வேண்டும்.

அம்புக்குறி முத்திரை பிரிட்டிஷ் அரசு உடைமையின் அடையாளம்; தனியார் தையற்கடையில் தைத்த கில்ட்டில் அது இருக்காது. எல்லாக் கொசுவங்களிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பதும் படை வழக்கம். குடும்பக் கில்ட்டுகளில் பொதுவாகக் கட்டம் குலையாமல் பின்புறமும் தொடரும்படி மடிப்பார்கள், ஆனாலும் கோட்டு மடிப்பைச் சில குடும்பத்தார் விரும்பித் தைத்துக்கொள்வதுண்டு என்பதால் முத்திரையே வலுவான சான்று. எண்களைப் பகல் வெளிச்சத்தில், துணியைச் சாய்த்துப் பிடித்து, செல்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 1920 முதல் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஏழிலக்க எண் வரிசை ஒதுக்கப்பட்டது. மக்கென்சி டார்ட்டனோடு சேர்ந்து வரும் எண் 28இல் தொடங்கினால் பொதுவாகச் சீஃபோர்த்தையும், 33இல் தொடங்கினால் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியையும் சுட்டும். பெட்டியில் மான்தலைச் சின்னம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். அது சீஃபோர்த்தின் தொப்பிச் சின்னம். இன்வர்னஸுக்கு அருகே ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையில் உள்ள ஹைலேண்டர்ஸ் அருங்காட்சியகம் இந்த ரெஜிமெண்டின் பொருள்களைப் பாதுகாக்கிறது. படமும் எண்ணும் தாத்தாவின் பிறந்த ஆண்டும் சேர்த்து அவர்களுக்கு எழுதலாம். டார்ட்டன் வடிவத்தை மட்டும் உறுதிசெய்ய, 2009இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் டார்ட்டன் பதிவேட்டை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒப்பிடும்போது கோடுகளின் வரிசையைப் பாருங்கள், நிறத்தின் அழுத்தத்தைப் பார்க்காதீர்கள். ஒரே டார்ட்டனைக் கரிய சாயத்திலும் வெளிறிய சாயத்திலும் நெய்வது வழக்கம்.

திருமணத்தில் ஃபிரேசர் பெயரையும் காட்ட விரும்பினால், வேறொரு டார்ட்டனில் டை கட்டிவிட வேண்டாம்; இரண்டு கட்டங்கள் மோதிக்கொள்ளும். வார்ப்பட்டை சூழ்ந்த ஃபிரேசர் குலச் சின்னத்தைக் குத்திக்கொள்ளலாம், அது குலத்தார் அணிவதற்கென்றே உள்ள வடிவம். மான்தலைச் சின்னம் கிடைத்தால் அதைச் சட்டமிட்டு வீட்டில் வையுங்கள். அது அந்த ரெஜிமெண்டில் பணியாற்றியவர் ஈட்டியது. கில்ட் ஊசியை மேல்மடிப்பில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு மடிப்புகளையும் சேர்த்துக் குத்தினால் உட்கார்ந்து எழும்போது பழைய துணி கிழியும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே பூச்சியைக் கவனியுங்கள். அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழு; வியர்வையும் அழுக்கும் படிந்த கம்பளி அதற்கு மிகவும் பிடித்த உணவு. கில்ட்டை வீட்டுக்கு வெளியே விரித்து, கொசுவங்களின் உட்பக்கம் வரை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, உறைபெட்டியில் -18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த துணிமீது ஈரம் படியும். சலவை இயந்திரத்தில் போடவே கூடாது, கம்பளி சுருங்கிக் கொசுவங்கள் குலைந்துவிடும். நாற்றத்துக்கு நிழலில் காற்றாட விடுவதே போதும். அந்துருண்டையைத் தவிர்த்துவிடுங்கள், அதன் வாடையைக் கம்பளியிலிருந்து போக்குவது கடினம், மூச்சுக்கும் நல்லதன்று.

துளைகளை இழைபின்னிச் சீர்செய்யலாம். அதற்கு வேண்டிய நூலை அதே கில்ட்டின் உள்மடிப்பு ஓரத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். புதிய நூலின் நிறம் எவ்வளவு தேடினாலும் பழைய சாயத்தோடு இயையாது.

திருத்தும் வேலையைச் சாதாரணத் தையற்கடையில் கொடுக்காமல் கில்ட் தைப்பவரிடமே கொடுங்கள். இடுப்பில் ஓரிரு அங்குலக் குறைப்பு, வார்களையும் கொக்கிகளையும் இடம் மாற்றுவதிலேயே முடிந்துவிடும். அதற்குமேல் கொசுவங்களைப் பிரித்தால் கோட்டு மடிப்பின் கணக்கு மாறிவிடும் என்பதால் நான் அதை ஆதரிக்க மாட்டேன். நீளத்தைக் கீழிருந்து குறைக்கவே முடியாது. கில்ட்டின் கீழ் விளிம்பு மடித்துத் தைத்ததன்று, தறியிலேயே முடிந்த கரை. அதை வெட்டினால் துணி பிரியத் தொடங்கும், விழும் அழகும் போய்விடும். கில்ட் இன்றைய கால்சட்டைபோல இடுப்பெலும்பில் நிற்பதன்று, தொப்புளுக்கு மேல் ஏறி நிற்பது. மகன் அதை உரிய உயரத்தில் கட்டி, முழங்காலிட்டு நிமிர்ந்து நிற்கட்டும். விளிம்பு தரையைத் தொடாவிட்டால் நீளம் சரி. நீங்கள் கூடுதல் என்று கருதிய நீளம் இதிலேயே தீர்ந்துவிடலாம்.

தையற்காரர் பெரும்பாலும் உள்துணி நைந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். முத்திரையும் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. உடம்பில் உறுத்தும் அளவுக்குக் கிழிந்திருந்தால், பழையதை அப்படியே விட்டு, எண்ணெழுத்து உள்ள இடத்தில் திறந்து பார்க்கும்படி மேலே புதிய பருத்தித் துணி ஒன்றைத் தளர்வாகத் தைத்துத் தரச் சொல்லுங்கள்.