மறு: கர்ப்பத்தின் 26-வது வாரம், குளுக்கோஸ் குடித்துப் பார்த்ததில் சர்க்கரை 152, காலையில் பணியாரம் சாப்பிட்டதாலா?

பணியாரத்தால் இல்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் எடுக்கும் இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. 140 அல்லது அதற்கு மேல் வந்தாலே கர்ப்பகால சர்க்கரை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு 152.

வெறும் வயிற்றில் 84 இருந்ததே என்கிறீர்கள். அது சகஜம். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் இழுத்துப் பிடிக்கும். பலருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அது வெளியே தெரியும்.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள்: குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தீர்களா? எடுத்திருந்தால் இன்னொரு நாள் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் மறுபடி குடிக்க வேண்டியதில்லை.

இனி டாக்டர் சொல்லும் உணவு முறைதான், கூடவே நடை. இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் பாருங்கள்; 120-க்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள், பயப்படாதீர்கள். கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று ஆச்சி சொல்லியிருப்பார்கள். சீனியும் தேங்காயும் போட்டுக் கிண்டிய பிறகு அது இனிப்புதான்!

குழந்தையின் அசைவு குறைந்தால் மட்டும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள், அன்றே போய்விடுங்கள். பிரசவம் ஆகி 6 வாரத்தில் ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும், குழந்தை வந்த அலைச்சலில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.