கவுன்சிலர் ரூமுக்கு யார் யார் வர்றாங்க?

கேள்வி: மேடம், எங்களுது அரசு உதவி பெறும் பள்ளி, ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரை இருக்கு. போன வருஷம்தான் கவுன்சிலர் ஒருத்தர போட்டோம். இப்ப கரஸ்பாண்டென்ட் "இதனால என்ன பிரயோஜனம், எத்தன பேர பாத்தாங்கன்னு ரிப்போர்ட் குடுங்க"ங்கறார். எண்ணிக்கை மட்டும் போதுமா?
– ஒரு தலைமையாசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: எண்ணிக்கை குடுங்க சார், ஆனா ரெண்டா பிரிச்சு குடுங்க. டீச்சர் அனுப்பி வந்தவங்க எத்தன பேர், தானா வந்தவங்க எத்தன பேர். முக்காவாசி பேர் சேட்டை பண்ணி அனுப்பப்பட்டவங்கன்னா பசங்களுக்கு அது தண்டனை ரூம்தான், அப்பா குடிச்சிட்டு வந்து அடிக்கறார்னு சொல்ல நினைக்கற அமைதியான புள்ள அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது, அந்தப் புள்ளைக்காகத்தானே சார் கவுன்சிலரே போட்டோம்.

அப்புறம் எல்லா கிளாஸ்லயும் பேர் எழுதாம ஒரு துண்டுச்சீட்டு வாங்குங்க. கவுன்சிலர் இருக்கறது தெரியுமா, கஷ்டம்னா போவியா, போகமாட்டேன்னா ஏன். இந்த "ஏன்"லதான் விஷயமே இருக்கு. ரூம் ஆபீஸ் பக்கத்துல இருக்கு எல்லாரும் பாப்பாங்க, சொன்னா கிளாஸ் டீச்சருக்கு போயிடும்னு எழுதுவாங்க, ரெண்டையும் காசு செலவில்லாம நீங்களே சரி பண்ணலாம்.

கவுன்சிலரோட நேரம் எங்க போகுதுன்னும் பாருங்க. யாராவது லீவுன்னா சப்ஸ்டிட்யூஷன், எக்ஸாம் ட்யூட்டி, எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் பதிவு) என்ட்ரி, இதுக்கே நாள் போயிடுது நெறைய ஸ்கூல்ல. அமெரிக்கால பள்ளி கவுன்சிலர்கள் சங்கம் 250 பிள்ளைங்களுக்கு ஒருத்தர் வேணும், அவங்க நேரத்துல 80 சதவீதமாவது பிள்ளைங்களுக்கான வேலைக்கே போகணும்னு சொல்லுது. 250க்கு ஒருத்தர்ங்கறது நம்மளால முடியாது, நேரத்த காப்பாத்தறது உங்க கையிலதான் இருக்கு.

ரிப்போர்ட்ல எந்தப் புள்ள பேரும் வரக்கூடாது, கரஸ்பாண்டென்ட் கேட்டாலும். ஆனா பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி போலீசுக்கு சொல்லியே ஆகணும், அதனால "யார்ட்டயும் சொல்லமாட்டேன்"னு கவுன்சிலர் சத்தியம் பண்ண வேணாம், எத சொல்லித்தான் ஆகணும்ங்கறத முதல் சந்திப்புலயே புள்ளைக்கு புரியற மாதிரி சொல்லிடட்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417, ரெண்டு நம்பரையும் புள்ளைங்க தனியா நின்னு படிக்கற எடத்துல ஒட்டுங்க, நோட்டீஸ் போர்டுல வேணாம்.

அந்தப் பேர் எழுதாத துண்டுச்சீட்ட ஜூன்ல ஒரு தடவ, பொங்கல் லீவு முடிஞ்சு ஒரு தடவ வாங்கி, "போவேன்"னு எழுதினவங்க கூடியிருக்காங்களான்னு கரஸ்பாண்டென்ட்கிட்ட காட்டுங்க சார்.