சர்வதேச மியூசியம் சங்கத்தின் போர்டில் இருப்பவருக்கு உண்மையில் என்ன வேலை?

கேள்வி இது: "நவீன, சமகாலக் கலை மியூசியங்களுக்கான சர்வதேச சங்கங்களில் போர்டு மெம்பராக இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? சம்பளம் உண்டா? இந்தியாவிலிருந்து ஒருவர் அங்கே போய் உட்காருவதால் நமக்கு என்ன லாபம்?"

நான் போர்டு மெம்பர் இல்லை. பெங்களூரில் ஒரு தனியார் கலை மியூசியத்தில், இயக்குநரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேடம் இப்படி ஒரு சங்கத்தின் போர்டில் ஒரு பதவிக்காலம் முழுக்க இருந்தார். அங்கிருந்து வரும் கோப்புகளைப் படித்து, சுருக்கி, மீட்டிங்குக்கு முன்னால் அவர் கையில் கொடுத்தது நான். அதனால் இந்தப் பதிலை அடுப்படிப் பக்கத்திலிருந்து பார்த்தவளின் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் கிடையாது. விமான டிக்கெட்டைக்கூட எங்கள் மியூசியம்தான் போட்டது. அல்சூரில் இருக்கும் என் அப்பா இதை இன்றுவரை நம்பவில்லை. "சும்மாவா ராத்திரி எல்லாம் உக்காந்து மீட்டிங் பேசுவாங்க?" என்பார்.

இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கம் சிமாம். 1962-இல் ஹேக் நகரில் தொடங்கியது. 1946-இல் உருவான ஐகாம் என்ற உலக மியூசியம் கவுன்சிலோடு இணைந்தது. அலுவலகம் பார்சிலோனாவில். மியூசியம் இயக்குநர்களும், கண்காட்சிகளைத் திட்டமிட்டு அமைக்கும் கியூரேட்டர்களும்தான் பெரும்பாலும் உறுப்பினர்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறுப்பினர்கள் வாக்களித்து போர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 முதல் 2025 வரை தலைவராக இருந்தவர் ஹாங்காங்கின் எம் பிளஸ் மியூசியத்தை நடத்தும் சுஹன்யா ராஃபெல், இலங்கையில் வேர் கொண்டவர். இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. இது ஐ.நா. சபை மாதிரி நாட்டுக்கு ஒரு நாற்காலி அல்ல. தேர்வாகிறவர் தனி ஆளாகத்தான் தேர்வாகிறார். இந்தியாவின் சார்பில் பேச அவருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

மீட்டிங் பெரும்பாலும் ஜூமில். பார்சிலோனாவில் குளிர்காலத்து மாலை 4 மணி என்றால் நமக்கு இரவு 8.30, லாஸ் ஏஞ்சலஸில் காலை 7, டோக்கியோவில் நள்ளிரவு. யாராவது ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் இருப்பார். அடுத்த ஆண்டு மாநாடு எந்த ஊரில், யார் பேசுவது, வரவு செலவு, உறுப்பினர் சந்தா, இப்படித்தான் பாதி நேரம் போகும். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சொல்ல வேண்டியது கடிதங்களைப் பற்றி. எங்காவது ஓர் அரசு ஒரு மியூசியம் இயக்குநரைக் காரணமில்லாமல் தூக்கினால், ஒரு கண்காட்சியை நிறுத்தினால், சங்கம் பகிரங்கமாகக் கவலை தெரிவித்துக் கடிதம் எழுதும். சிமாமில் இதற்கென்றே 'மியூசியம் வாட்ச்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு பக்கக் கடிதம்தான், ஆனால் அதற்குள் எத்தனை சண்டை! 'கண்டிக்கிறோம்' என்பதா, 'கவலைப்படுகிறோம்' என்பதா? அமைச்சரின் பெயரைப் போடுவதா, வேண்டாமா? கடிதம் போனபின் பதவி இழந்தவருக்கு அது உதவுமா, அல்லது அங்கே மிச்சமிருக்கும் ஊழியர்களுக்குத் தொல்லையாகுமா? எங்கள் மேடம் அதிகம் தூக்கம் கெட்டது இந்தக் கடைசிக் கேள்வியால்தான்.

கடிதத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு ஸ்லொவேனியாவைப் பாருங்கள். லூப்லியானாவின் நவீனக் கலை மியூசியத்தை 1993 முதல் நடத்தியவர் ஸ்டென்கா பதோவினாட்ஸ். சிமாமின் தலைவராகவே இருந்தவர். 2020 இறுதியில் அவருக்குப் பதவி நீட்டிப்பு கிடைக்கவில்லை. கலையுலகிலிருந்து எவ்வளவோ எதிர்ப்பு எழுந்தது. நாற்காலி திரும்பி வரவில்லை. சங்கத் தலைவராக இருந்தவருக்கே இந்த நிலை.

போர்டே சிக்கலில் மாட்டுவதும் உண்டு. 2015 மார்ச்சில் பார்சிலோனாவின் மாக்பா மியூசியத்தில், ஸ்பெயினின் முன்னாள் மன்னரைக் கேலி செய்த ஒரு சிற்பத்துக்காகக் கண்காட்சியையே ரத்து செய்தார் இயக்குநர் பார்த்தொமெவ் மாரி. எதிர்ப்பு கிளம்பியதும் திறந்துவிட்டார், கூடவே இரண்டு கியூரேட்டர்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டுத் தானும் விலகினார். வேடிக்கை என்னவென்றால், அப்போது சிமாமின் தலைவரும் அவரே. அந்த ஆண்டு நவம்பரில் சார்ல்ஸ் எஷ், வாசிஃப் கோர்துன், அப்தெல்லா கரூம் மூவரும் போர்டிலிருந்து ராஜினாமா செய்தார்கள். தணிக்கை விவகாரத்தில் சிக்கிய ஒருவரைத் தலைமையில் வைத்துக்கொண்டு மற்ற நாட்டு அரசுகளுக்கு எப்படிப் புத்தி சொல்வது? என்னைக் கேட்டால் அந்த மூவர் செய்தது சரி.

நம் ஊருக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் மும்பை தேசிய நவீனக் கலைக்கூடத்தில் ஓவியர் பிரபாகர் பர்வேயின் கண்காட்சித் திறப்பு விழா. மும்பை, பெங்களூர் கிளைகளின் உள்ளூர்க் கலைஞர் ஆலோசனைக் குழுக்கள் கலைக்கப்பட்டதைப் பற்றி நடிகர் அமோல் பாலேகர் பேசியபோது மேடையிலேயே இடைமறிக்கப்பட்டார். செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. இங்கே பேலஸ் ரோட்டில் மாணிக்கவேலு மாளிகையில் இருக்கும் கிளையும் அதில் சம்பந்தப்பட்டது என்பதால் எங்கள் வட்டத்தில் பெரிய பேச்சு. இப்படி ஒரு விஷயம் சர்வதேச போர்டுக்குப் போனால், இந்திய உறுப்பினர் என்ன செய்வார்? நான் பார்த்த சங்கத்தில், சொந்த நாட்டு விவகாரம் வந்தால் அவர் தகவல் சொல்வார், வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்வார். நியாயமான வழக்கம்தான். ஆனால் தூரத்து நாடுகளைப் பற்றித் தைரியமாகக் கையெழுத்துப் போடுவதும், வீட்டுப் பக்கம் வரும்போது நடுநிலை என்று நகர்ந்துகொள்வதும் எனக்கு என்னவோ முழுக்க ஒட்டவில்லை. மேடமிடமே சொன்னேன். "எனக்கும்தான் ஒட்டலை, ஆனா நாளைக்கு நம்ம மியூசியத்துக்கு லைசென்ஸ் வாங்க நீதானே போவே?" என்றார்.

சரி, லாபம் என்ன? என் பார்வையில் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. வெளிநாட்டு மியூசியத்திடம் ஓர் ஓவியத்தைக் கண்காட்சிக்குக் கடனாகக் கேட்டால், முதலில் ஃபெசிலிட்டி ரிப்போர்ட் அனுப்பச் சொல்வார்கள். உங்கள் கூடத்தில் வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, இரவில் கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, எல்லாம். ரொம்ப காலமாக எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: ஏறக்குறைய 21 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம், ஐந்து புள்ளி மட்டும் முன்னே பின்னே. இது எங்கிருந்து வந்தது? ஒரு வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களை வேல்ஸில் மானட் என்ற கற்சுரங்கத்தில் ஒளித்து வைத்தார்கள். அங்கே 17 டிகிரியும் 42 சதவீத ஈரப்பதமும் மாறாமல் இருந்ததால் படங்கள் நன்றாக இருந்தன. அதன்பிறகு 'மாறாத காற்று' என்பதே மியூசிய உலகின் வேதமானது. ஐரோப்பாவில் அதை நடத்துவது எளிது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக் காற்று வீசும் ஊரில், இருபத்துநாலு மணி நேரமும் குளிரூட்டும் சில்லரும் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரும் ஓடினால்தான் முடியும். கடைசியில் கடன் வாங்கும் தகுதி கரண்ட் பில் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் என்றாகிவிடுகிறது. சென்னைக் கடற்கரையோரம் ஒரு சின்ன மியூசியம் இதற்குக் கனவுகூடக் காண முடியாது.

பெரிய மியூசியம் இயக்குநர்களின் பிசோ குழு பத்தாண்டுகளுக்கு முன்பே இதைத் தளர்த்தியது: வெப்பம் 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம், ஒரு நாளில் பத்துப் புள்ளிக்கு மேல் ஆடக்கூடாது. எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது, பொதுவான பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். சிமாமும் 2021-இல் சுற்றுச்சூழல் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆனால் காகிதத்தில் தளர்ந்த விதி கடன் ஒப்பந்தத்தில் தளர்வதில்லை. எங்களுக்கு வரும் ஒப்பந்தங்களில் பழைய எண்களே இருக்கும். போர்டில் மேடம் விடாமல் பேசியது இதைத்தான். அதற்காக எங்கள் ஸ்டோரேஜில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்யும் டேட்டா லாகரின் கணக்குகளை வரைபடமாக்கிக் கொடுத்தோம். பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இந்தப் புதிய வரம்புக்குள் நிற்பது பழைய வரம்பை விட எவ்வளவோ சுலபம், மழைக்காலத்தில் மட்டும்தான் மெஷின்களுக்குக் கடும் உழைப்பு என்று அதில் பளிச்சென்று தெரிந்தது.

ஸ்டோரேஜைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தருமபுரிக்காரர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு டிகிரி ஏத்தினா படத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க மேடம், வர்ற கூரியர் ஆபீஸருக்குத்தான் வேர்க்கும்" என்றார். (கடன் கொடுக்கும் மியூசியத்திலிருந்து ஓவியத்தோடு கூடவே வருபவரைத்தான் கூரியர் என்பார்கள்.) மேடம் அதை அப்படியே ஆங்கிலமாக்கி மீட்டிங்கில் சொன்னதாகக் கேள்வி. அடுத்து வந்த இரண்டு கடன் ஒப்பந்தங்களில் புதிய வரம்பு இருந்தது. போர்டில் பேசியதால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கடன் கொடுத்த மியூசியம் ஒன்றின் இயக்குநர் அந்த மீட்டிங்கில் இருந்தவர்.

அப்புறம், இந்தியாவிலிருந்து ஏன் தனியார் மியூசியக்காரர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அரசு மியூசியங்களில் இயக்குநர் பதவி அடிக்கடி 'கூடுதல் பொறுப்பு' என்று இன்னொரு அதிகாரியிடம் இருக்கும். வெளிநாடு போக அனுமதிக் கோப்பு நகர வேண்டும். மூன்று ஆண்டு உட்காரப்போகிற ஒருவருக்கு, அடுத்த ஆண்டு தான் எந்தத் துறையில் இருப்போம் என்றே தெரியாது. தனியாரில் இந்தத் தொல்லை இல்லை, பதிலுக்கு நிறுவனரின் குடும்பத்துக்குப் பிடிக்காததைப் பேச முடியாது. இரண்டில் எது மேல் என்று எனக்கு ஒரு கருத்து உண்டு, வேலையில் இருக்கும்வரை சொல்ல மாட்டேன்.

நீங்கள் மாணவர் என்றால் போர்டைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். ஐகாமில் மாணவர்களுக்குத் தனி உறுப்பினர் வகை இருக்கிறது, இந்தியாவில் அதன் தேசியக் குழுவும் உண்டு. வேலையில் சேர்ந்தபின் சிமாம் மாநாட்டுக்கான பயண நல்கைக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் கலைக் கோட்பாட்டை மட்டும் அடுக்காதீர்கள். உங்கள் மியூசியத்தில் மழைக்காலத்தில் ஈரப்பதம் எவ்வளவு ஏறுகிறது, பார்வையாளர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள், ஸ்டோரேஜுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.