கேளுங்க அக்கா: மகனை கோர்ட் மூலமா அனுப்பலாமா?

கேள்வி: அக்கா, எம் மவனுக்கு 23 வயசு, நாலு வருசமா சுகர்ஸ்ங்கிற போதைத்தூள் இழுக்குறான். வீட்டுல கேஸ் சிலிண்டர்லேர்ந்து எங்கம்மா குடுத்த காமாட்சி விளக்கு வரைக்கும் தூக்கிட்டுப் போய் வித்துட்டான். ரெண்டு தடவை தானா போதை சிகிச்சை சென்டர்ல சேர்ந்து மூணாம் நாளே ஓடி வந்துட்டான். இப்ப சோஷியல் வொர்க்கர், கோர்ட் மூலமா பூட்டி வச்சு சிகிச்சை குடுக்குற இடத்துக்கு அனுப்பலாம்னு சொல்றாங்க. பெத்தவளே ஜெயிலுக்கு அனுப்புற மாதிரி இருக்கு. கையெழுத்து போடலாமா?
ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: போடுங்க தங்கச்சி. ஆனா பூட்டு எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு போடுங்க. நான் அப்படி ஒரு இடத்துல பதினோரு வருசம் நைட் சிஸ்டர், சாவிக்கொத்து இடுப்புலயே தொங்கும்.

இது கிரிமினல் கேஸ் இல்ல. நம்ம நாட்டு போதைத் தடுப்பு, சிகிச்சை சட்டம், 2008ஆம் வருசத்து 70ஆம் நம்பர், 33ஆம் பிரிவு. நீங்களோ சோஷியல் வொர்க்கரோ சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்குறது ப்ராசிக்யூட்டர், அதான் அரசு வக்கீல் கிட்ட போகும், சோஷியல் வொர்க்கர் ரிப்போர்ட் வரும், அப்புறம் மாஜிஸ்ட்ரேட் விசாரிப்பாரு. அனுப்புனா அதிகபட்சம் 12 மாசம். ஜெயில் பயம் உங்களுக்கு மட்டும் இல்ல, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல இதே மாதிரி 90 நாள் வரைக்கும் அனுப்புறாங்க, அங்க பொம்பளைங்கள ஜெயில்லயே வச்சிருந்தாங்க, 2016ல சட்டம் போட்டுத்தான் நிறுத்துனாங்க.

மூணாம் நாள் ஓடி வந்தான்னு எழுதியிருக்கீங்கல்ல, அது திமிர் இல்ல. சுகர்ஸ்ல இருக்குறது ஹெராயின், நிறுத்துன ஒரு நாளுக்குள்ள உடம்பு ஆட ஆரம்பிச்சு ரெண்டாம் மூணாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், வாந்தி, பேதி, தூக்கமே கிடையாது, அந்த நேரத்துல கதவு திறந்து கெடந்தா நானே ஓடிருவேன். பூட்டுக்கு வேலை அந்த ஒரு வாரம்தான். ஹெராயின் ஏக்கத்தக் குறைக்குற மெத்தடோன் மாதிரி மருந்து குடுத்தா அந்த வாரம் தாங்கும்படி இருக்கும், குடுப்பாங்களான்னு முதல்லயே கேளுங்க.

அப்புறம்தான் கஷ்டம். கோர்ட் அனுப்புன பையன் முதல் மாசம் செவுத்தப் பாத்தே உக்காந்திருப்பான், ‘எங்கம்மா என்னை வித்துட்டா’ம்பான். நாங்க கோர்ட் அனுப்புனவங்களையும் தானா வந்தவங்களையும் ஒரே ஹால்ல போட்டோம், கோர்ட் பசங்க கோவம் மத்தவங்களுக்கும் தொத்திக்கிச்சு, அது தப்புன்னு புரியவே எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு. ராத்திரி டூட்டிக்கு ஆள் கம்மியா இருந்தா சிஸ்டருங்க எல்லாரும் கத்த ஆரம்பிப்பாங்க, கத்துனா பசங்க அடங்க மாட்டாங்க, அன்னிக்கு யாராவது செவுரேறுவான். கிச்சன்லயோ தோட்டத்துலயோ கைக்கு வேலை குடுத்து, பேரச் சொல்லி கூப்பிட்டுப் பேசுற சிஸ்டர் டூட்டில இருந்த ராத்திரி சத்தமே இருக்காது. விசிட்டிங் நாள்ல வீட்டு சாப்பாடு கொண்டு போகாதீங்க, ஒருத்தன் தம்பி, ரொட்டிய நடுவுல தோண்டி குழம்பு ஊத்துற ‘பன்னி சாவ்’க்குள்ள போதை சரக்க வச்சுக் கொண்டாந்தான், அதுலேர்ந்து பிரியாணிய கூட கரண்டி விட்டு கிளறித்தான் உள்ள விடுவோம்.

ஆனா என் பயமெல்லாம் அவன் வெளிய வர்ற நாள்தான். பல மாசம் தொடாம இருந்த உடம்புக்கு பழைய தாங்குற சக்தி போயிரும், பழைய அளவையே இழுத்தா மூச்சு நின்னுரும். எங்க வார்டுலேர்ந்து நல்லா தேறிப் போன ஒரு பையன அப்படித்தான் இழந்தோம், அவன் பேக்ல நான் மடிச்சு வச்ச சட்டை இன்னும் கண்ணுல நிக்குது. அதனால சேக்குற அன்னிக்கே கேளுங்க, சென்டர் ரிஜிஸ்டர் ஆனதா, ராத்திரி நர்ஸ் எத்தனை பேரு, வெளிய விட்டப்புறம் எந்த சோஷியல் வொர்க்கர் வந்து பாப்பாங்க, எந்தக் கிழமை வருவாங்க. ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு சொன்னா வேற இடம் கேளுங்க.

அப்புறம் அந்த விளக்கு. பக்கத்து அடகுக் கடையில எல்லாம் போய் விசாரிங்க, இன்னும் அங்கயே கெடந்தாலும் கெடக்கும்.