மிளிரியா, கொலாஜனா?

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அகழ்ந்தெடுத்த மனித எலும்பு, பற்களின் சமதானி (ஐசோடோப்பு) அளவுகளை, அவர்கள் என்ன உண்டார்கள் என்று அறியும் இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரே அட்டவணையில் சேர்க்கிறேன். காபன்-13க்கு ஒரு நிரல், நைதரசன்-15க்கு ஒரு நிரல். எக்செல் போதுமா? நைதரசனில் நிறைய வெறுங்கட்டங்கள், சராசரியால் நிரப்பலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மகள்,

எக்செல் தாராளமாகப் போதும். ஆனால் ‘காபனுக்கு ஒரு நிரல்’ என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. எதிலிருந்து எடுத்த காபன்?

எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் எலும்பின் புரதமான கொலாஜன் இலேசில் நிற்காது. பல்லின் கடினமான மேலுறையான மிளிரி (எனாமல்) நிற்கும். இலங்கையின் பாகியன் குகை, பட்டதொம்பலென என்ற குகைகளில் வாழ்ந்த பழங்கால மனிதரைப் பற்றி 2015இல் வந்த ஆய்வு அளந்தது மிளிரியைத்தான். வேறு கட்டுரைகளில் கொலாஜன் இருக்கும். இரண்டையும் ஒரே நிரலில் கொட்டினால் என்ன நடக்கும்?

சோறே சாப்பாடாக வாழ்ந்த ஒருவரை எடுங்கள். நெல்லின் காபன்-13 அளவு ஏறக்குறைய −27 (இவை எல்லாம் ஆயிரத்துக்கு இத்தனை என்ற அலகில்). கொலாஜன் உணவைவிட 5 அளவு கூடி −22 ஆகும். மிளிரி 12 அளவு கூடி −15. ஆள் ஒன்றுதான். அந்த −15ஐக் கொலாஜன் என்று எண்ணி 5ஐக் கழித்துப் பாருங்கள்: −20. சேனையில் விளையும் குரக்கன் −12. அந்த −20 நெல்லுக்கும் குரக்கனுக்கும் நடுவில் நிற்கிறது. ஆக, வயல்காரனைப் பாதிச் சேனைக்காரனாக்கிவிட்டீர்கள்!

இன்னொரு வில்லங்கம், எங்கள் மட்டக்களப்பு வாவி. கடற்புல்லில் தொடங்கும் உணவுச் சங்கிலியில் வளர்ந்த மீனின் காபனும் குரக்கன் பக்கமே சாயும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மீன் தின்றவரையும் மேற்கே படுவான்கரையில் குரக்கன் தின்றவரையும் காபனை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். நைதரசன்தான் கைகொடுக்கும்: உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏற அது 3 முதல் 5 வரை கூடும். அது கொலாஜனில் கிடைக்கும். மிளிரியில் அளப்பதற்கு நைதரசன் இல்லாத மாதிரிதான். உங்கள் வெறுங்கட்டங்களில் பல இப்படி வந்தவையாக இருக்கும். இல்லாததற்குச் சராசரி போடுவீர்களா, பிள்ளை?

இழையம் எது (மிளிரியா, கொலாஜனா), எந்தப் பல் என்று தனித்தனி நிரல் வையுங்கள். முதற் கடைவாய்ப்பல்லின் மிளிரி பால்குடிக் காலத்தது. ஞானப்பல்லோடு சேர்த்து எண்ணக்கூடாது. கொலாஜன் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கக் காபன்–நைதரசன் அணு விகிதமும் வேண்டும். அது 2.9க்கும் 3.6க்கும் வெளியே போனால் நிரையை அழிக்காமல் குறியிட்டு வையுங்கள்.

திருத்தியபின் முதல் 20 நிரையை அனுப்புங்கள், பார்க்கிறேன்.