கிளிஞ்சலுக்கு ஃபிரேம் போடலாமா அக்கா?

கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல், பழைய டிக்கெட், புடவைத் துண்டு, இவற்றை வைத்துக் கையைக் கடிக்காமல் சுவர்ப் படம் செய்வது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கடலூர்: பாப்பா ஒரு பை நிறையக் கிளிஞ்சல் சேர்த்திருக்கிறாள். ஆழமான ஃபிரேமுக்குக் கடையில் விலை அதிகம் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா அக்கா?

வீட்டில் ஓடாத சுவர்க் கடிகாரம் இருக்கிறதா? சட்டம், கண்ணாடி, ஆழம் எல்லாம் அதிலேயே தயாராக இருக்கின்றன. பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி முள்ளையும் மெஷினையும் எடுத்துவிடுங்கள். டயலின் மேல் துணி ஒட்டினால் நடுத்துளை மறைந்துவிடும். தட்டையான கிளிஞ்சலுக்கு அந்த ஆழம் போதும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால், சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடைக்குப் போய், "கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவே முக்கால் இஞ்ச் இடைவெளி வேண்டும், உள்ளே ரீப்பர் துண்டு வையுங்கள்" என்று சொல்லுங்கள். "பாக்ஸ் ஃபிரேம்" என்று வாயைத் திறந்தால்தான் விலை ஏறும்.

நாகப்பட்டினம்: கழுவித்தான் ஒட்டினேன். ஒரே மாதத்தில் நாற்றம், அட்டையிலும் ஈரக் கறை. ஏன்?

நாற்றத்துக்குக் காரணம் சுருள் ஓட்டின் உள்ளே தங்கிய சதை. கறைக்குக் காரணம் உப்பு. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு தடவை அலசினால் உப்பு போகாது. நல்ல தண்ணீரில் ஒரு வாரம் ஊறவிடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். அழுக்கு போகாத வெள்ளைச் சிப்பிகளைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர்த்த தண்ணீரில் சிறிது நேரம் போடலாம். நிறமுள்ளவற்றை வேண்டாம், வெளுத்துவிடும்.

வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் மூன்றையும் கிட்டேயே கொண்டுவராதீர்கள். ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் நுரை பொங்கும். அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுவோம், உண்மையில் ஓடுதான் கரைகிறது. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது ஆபத்து. அலசியதும் நிழலில் காயவிட்டு, சுருளின் வாயை முகர்ந்து பாருங்கள். லேசான வாடை இருந்தாலும் ஃபிரேமுக்குள் விடாதீர்கள்.

சென்னை: பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

எறும்பு வரும், கொஞ்ச நாளில் சிக்கு வாடையும் வரும். பேபி ஆயில் ஒரு சொட்டு போதும். அதையும் ஒட்டி முடித்த பிறகு தடவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பசை பிடிக்காது.

ராமநாதபுரம்: கரையில் ஒதுங்கிய பவளத் துண்டும் காய்ந்த கடல் குதிரையும் வைத்திருக்கிறேன். செத்ததுதானே, ஃபிரேம் போடலாமா?

கூடாது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. செத்து ஒதுங்கியதற்கும் சட்டம் பொருந்தும். ஐவிரல் சங்குகளிலும் சோழிகளிலும்கூடச் சில வகைகள் பட்டியலில் உண்டு. எது எதுவென்று தெரியாவிட்டால் பெரிய சங்குகளைத் தொடாமல் இருப்பதே நல்லது. உங்கள் பக்கத்திலேயே மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கிறது, 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் அறிவித்தது. அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. கடையில் விற்கிறார்களே என்பது பதிலாகாது.

இதனால் குறை ஒன்றும் வந்துவிடாது. சாதாரண மட்டி ஓடு, கடல் நுரை என்று சொல்லும் கணவாய் மீனின் உள் ஓடு, அலையில் தேய்ந்து மங்கிய பாட்டில் சில்லு, அறுந்த வலைக் கயிறு என்று எத்தனையோ இருக்கின்றன. நீலமும் பச்சையுமாக ஒரு சாண் வலைக் கயிறு, எந்தப் பவளத்தையும் விட ஃபிரேமில் எடுப்பாக இருக்கும் என்பது என் கட்சி. சுருள் ஓட்டை எடுக்கும்போது மட்டும் திருப்பிப் பாருங்கள், உள்ளே துறவி நண்டு குடியிருக்கலாம்.

புதுச்சேரி: கண்ணாடி அலமாரியில் வைத்த ஓடுகளில் வெள்ளைப் பொடி பூக்கிறது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை. 1899இல் லாஃப்டஸ் பைன் என்பவர் இங்கிலாந்தில் இதைப் பற்றி விவரித்தார். பாக்டீரியாதான் காரணம் என்று நினைத்தார், அதனால் "பைன் நோய்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இது நோயே இல்லை. பிளைவுட், மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை, மட்டமான அட்டை ஆகியவற்றிலிருந்து அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி மெல்ல வெளிவரும். மூடிய பெட்டிக்குள் ஈரமும் சேர்ந்தால் ஓட்டின் மேற்பரப்பை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அரித்தது அரித்ததுதான், திரும்ப வராது.

மிச்சத்தைக் காப்பாற்ற, ஓடுகளை நன்றாக அலசி உலர்த்தி, மரம் படாத இடத்துக்கு மாற்றுங்கள். ஃபிரேம் செய்கிறவர்கள் பின்னட்டை முழுவதையும் சமையலறை அலுமினியத் தாளால் மூடி, அதன் மேல் கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியை இழுத்துக் கட்டுங்கள். பத்து ரூபாய் வேலை, ஆவி ஓடு வரை வராது.

மதுரை: எந்தப் பசை?

ஃபெவிக்விக் கண்ணாடிக்குள் வெள்ளைப் படலம் விடும். குளூகன் பசை சித்திரை வெயிலில் இளகி, ஒரு நாள் எல்லாம் கீழே கிடக்கும். ஓட்டுக்கு அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் கலக்கும் பசை, துணிக்கு ஃபெவிக்கால். சில சிப்பிகளில் உச்சிப் பக்கம் சுத்தமான வட்டத் துளை இருக்கும், வெளியே அகன்று உள்ளே குறுகி, டிரில் போட்ட மாதிரி. ஊனுண்ணும் நத்தை துளைத்துச் சதையைத் தின்ற அடையாளம் அது. அதில் நூலைக் கோத்துக் கட்டிவிட்டால் பசையே வேண்டாம்.

கோயம்புத்தூர்: ராமேஸ்வரம் போன பஸ் டிக்கெட், அம்மாவின் புடவைத் துண்டு, ஒரு போட்டோ. மூன்றையும் சேர்த்து வைக்க ஆசை.

மெஷின் டிக்கெட்டின் எழுத்து சூட்டிலும் வெளிச்சத்திலும் மறைந்துபோகும். இன்றே ஜெராக்ஸ் எடுத்து அதை முன்னால் வையுங்கள், அசல் உறைக்குள் பத்திரமாக இருக்கட்டும். புடவைத் துண்டை ஒட்டாதீர்கள், ஓரத்தில் நாலு தையல் போடுங்கள். போட்டோ கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு கிழியும், இடைவெளி விடுங்கள்.

நாகர்கோவில்: கன்னியாகுமரி கலர் மணல்?

அதில் சிவப்பு கார்னெட் தாது, கறுப்பு இல்மனைட் தாது, இரண்டும் சாதாரண மணலைவிடக் கனம். உதிரியாகக் கொட்டினால் கீழே சரிந்து குவியும். ஃபெவிக்கால் தடவி ஒரு பட்டை மட்டும் தூவுங்கள்.

திருநெல்வேலி: எப்படி அடுக்கினாலும் பொருட்காட்சிக் கடை மாதிரியே இருக்கிறது அக்கா.

பாதியை எடுத்துவிடுங்கள். அப்புறம் மிச்சத்திலும் பாதியை எடுங்கள். இதய வடிவம், பெயர் எழுதுவது, நடுவில் பிளாஸ்டிக் டால்பின் எதுவும் வேண்டாம். ஒரே வகைச் சிப்பி ஏழெட்டு, சிறிதிலிருந்து பெரிதாக, கருநீலத் துணி மேல் வரிசையாக. ஒட்டுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கோணல் உடனே தெரியும்.

தூத்துக்குடி: எந்தச் சுவரில் மாட்டுவது?

நேர் வெயில் படாத, மழையில் ஓதம் ஏறாத சுவர். கடலோரத்தில் இரும்பு ஆணி துருப்பிடித்துச் சுவரில் வடியும், பித்தளைக் கொக்கி வாங்குங்கள். ஃபிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும்.