பலே ஆட ஆசைப்படும் மகளுக்கு என்ன வழி?

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளுக்கு 13 வயது, யூடியூப் பார்த்தே பலே (ballet) என்ற ஐரோப்பிய நடனத்தைப் பழகுகிறாள், அதையே தொழிலாக்கப் போவதாகச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்ற உங்கள் பயம் நியாயமானதுதான்.

கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் பெரிய பலே குழுக்களில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பத்து, பதினொரு வயதிலேயே முழுநேரப் பயிற்சிக்குப் போனவர்கள். நாற்பதுக்குள் அநேகமானோர் மேடையை விட்டுவிடுகிறார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு அந்த மேடையை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். பலே ஆசிரியராவது வேறு கதை. ரஷ்யாவின் பலே கலைஞர் அக்ரிப்பினா வாகனோவா 1916இல் மேடையை விட்டார். இன்று உலகம் அவரை அறிவது அவர் வகுத்த கற்பித்தல் முறையால்தான். சென் பீட்டர்ஸ்பர்க் பலே பள்ளிக்கே அவர் பெயர். ஆட முடியாதவர்கள்தான் கற்பிக்கப் போவார்கள் என்ற எண்ணம் மகளிடம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்காக அவள் கேட்கும் பொயின்ட் சப்பாத்தை இப்போது வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். வெளியே சாட்டின், உள்ளே விரல்களைச் சுற்றித் துணியும் தாளும் பசையில் இறுகிய கூடு. உடம்பின் முழுப் பாரமும் அந்த நுனியில் இறங்கும். சில வருடங்கள் முறையாகப் பழகி, கணுக்கால் பலப்பட்ட பிறகு ஆசிரியர் பார்த்துச் சொல்ல வேண்டியது அது. வளரும் எலும்போடு விளையாடக் கூடாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஊரிலேயே நல்ல ஆசிரியரிடம் பரதம் தொடங்கட்டும். முழங்காலை மடித்து நிற்கும் பரதத்தின் அரைமண்டியிலும் பலேயிலும் கால் வெளிப்புறம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்துதான்; முழங்காலை முறுக்கினால் இரண்டிலும் காயம்தான். தாளமும் மேடைப் பழக்கமும் கூடவே வரும். பரதக் கலைஞர் ருக்மிணி தேவியும் முதலில் பலே பழகியவர்தான். ரஷ்ய பலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலில் நம் பக்கத்து ஆடலுக்குத் திரும்பி, 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். உங்கள் மகள் எதிர்த்திசையில் போனாலும் பரதம் வீண்போகாது.

படிப்பை விட்டுவிட வேண்டாம். சாதாரண தரத்தில் அழகியல் பாடமாக நடனத்தை எடுக்கலாம், உயர்தரத்திலும் தொடரலாம். அப்புறம் மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனப் பட்டம் இருக்கிறது. பாடசாலையில் நடன ஆசிரியராகப் போக அது நல்ல அடித்தளம்.

பலேக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். லண்டன் ரோயல் அகாடமி ஒஃப் டான்ஸின் பாடத்திட்டத்தில் கற்பிக்கும் பள்ளிகள் அங்கே உண்டு. அடுத்த விடுமுறையில் இரவு ரயிலில் கூட்டிப்போய் ஒரு வகுப்பை நேரில் காட்டுங்கள். அவளுடைய காலையும் இடுப்பையும் அங்குள்ள ஆசிரியர் பார்த்துச் சொல்லட்டும். கட்டணத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்த அகாடமியின் ஆசிரியர் பயிற்சிக்குப் போவதென்றால் ஆங்கிலம் பெரிதும் உதவும். ஆங்கில ரியூசனை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.